அவர் பார்க்காத கடல்

ஜனவரி 7, ஞாயிறு

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் நர்சு கொடுத்தது. எந்தச் சொட்டு மருந்தை எத்தனை மணிக்குப் போட்டேன் என்று எழுதச் சொன்னாள். வெள்ளை மூடி ஒரு நாளைக்கு ஆறு தடவை, ரோஸ் மூடி நாலு தடவை, படுக்கும்போது களிம்பு. கோடு போட்டு எழுதினேன், அரைப் பக்கம்கூட வரவில்லை. மிச்சத்தை என்ன செய்வது? பத்தாவது வரை படித்தவள் நான். வெறும் பக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

என் வீட்டுக்காரர் பெயர் நாச்சிமுத்து. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பத்தொன்பது வயதில் இரும்புத் துணுக்குத் தெறித்து இடது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு வருஷமாக வலது கண் ஒன்றுதான். பலகையின் ஓரத்தில் அந்தக் கண்ணை வைத்துப் பார்த்து நேரா கோணலா என்று சொல்வார். எல்லாரும் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், எனக்கு அந்த வேலை மிச்சம் என்று சிரிப்பார். அந்த ஒரு கண்ணில்தான் இப்போது உள்ளே இருக்கும் விழித்திரை கழன்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கண்ணுக்குள் காற்று மாதிரி ஏதோ நிரப்பியிருக்கிறார்கள். அது மேலே மிதந்து திரையை அழுத்தி ஒட்ட வைக்குமாம். அதற்காக ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிஷம் முகத்தைத் தரைப் பக்கமே வைத்திருக்க வேண்டும். தின்பதற்கும் மற்றதற்கும் பத்து நிமிஷம். இப்படி இருபதாம் தேதி வரை. ஒட்டினால் பார்வை, ஒட்டாவிட்டால் இருட்டு. டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று சேர்ந்த அன்று டாக்டரம்மா கேட்டிருந்தார். "மூணு நாளுங்க" என்றேன்.

தங்கியிருப்பது சென்னை இஞ்சம்பாக்கத்தில், லாரி முதலாளி சவுந்தரம்மாளின் வீட்டில். அவர்களுடைய லாரி எல்லாவற்றுக்கும் பாடி கட்டியது இவர்தான். அவர்கள் மகன் வெளிநாட்டில் இருப்பதால் வீடு சும்மா கிடக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். சும்மா கிடக்கிற வீடாம்! ஹாலில் எங்கள் பட்டறையில் நிற்கிற மாதிரி இரண்டு லாரி நிறுத்தலாம். தெருவில் ஒரு குரல் இல்லை. சுவரெல்லாம் வெள்ளை, கதவெல்லாம் கண்ணாடி. ஒரு வாசலிலும் செருப்பு கிடக்கவில்லை. ஆள் வசிக்கிறார்களா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம்.

ஜனவரி 8, திங்கள்

காலையில் பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். கடல்.

ஐம்பத்தாறு வயதில் இன்றுதான் பார்க்கிறேன். திருச்செந்தூருக்கு இரண்டு தடவை கிளம்பினோம், இரண்டு தடவையும் அவசரம் என்று ஒரு லாரி வந்து நின்றது. காலில் செருப்பில்லாமல், கையில் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். அடேயப்பா! எங்கே பார்த்தாலும் தண்ணீர். முடிகிற இடமே தெரியவில்லை. எங்கள் ஊரில் ஆயிரம் அடி துளை போட்டும் புழுதி பறக்கிறது, இங்கே கேட்பாரில்லாமல் கொட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு சொம்பு குடிக்க முடியாது என்று நினைத்ததும் கோபம்கூட வந்தது. கோபம் அடங்கிய பிறகும் உள்ளே வர மனசில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

உள்ளே வந்தால் இவர் மெத்தையில் குப்புறக் கிடந்து தரைக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கிறது என்று சொல்வதே தப்பு, வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

"என்ன புள்ள, காப்பி கொண்டார இத்தன நேரம்?"

"கடலுங்க. வூட்டுக்குப் பின்னாலயே."

"எப்புடி இருக்குது?"

"நீலமா இருக்குதுங்க."

"என்ன நீலம்? நீலத்துல எட்டு நீலம் இருக்குது. கேபின் உள்பக்கம் அடிக்கறமே, அந்த நீலமா? பின் கதவுக்கு அடிக்கறதா?"

நான் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கரைப் பக்கம் கேபின் நீலம், தூரத்தில் பின் கதவு நீலம், நடுவில் பச்சை கலந்தது ஒன்று இருக்கிறது, அதற்கு நம் பட்டறையில் டப்பா இல்லை என்றேன். "இல்லாத நெறமா?" என்றார்.

ஜனவரி 9, செவ்வாய்

கழுத்து போய்விட்டது என்றார். தலையணையில் முகம் புதைத்தால் மூச்சு முட்டுகிறது. "நானே ஒரு பெஞ்சு பண்ணிக்கறேன்" என்றார். கண் தெரியாமல் எப்படிப் பண்ணுவார்? "நீ பண்ணு, நான் சொல்றேன்" என்றார்.

முப்பத்தைந்து வருஷத்தில் நான் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனதோடு சரி, சுத்தியைத் தொட்டதில்லை. கார் ஷெட்டில் பலகை, ஆணி, ரம்பம் எல்லாம் கிடந்தன. நான் அறுக்க, அவர் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். "ஆணி கோணலாப் போவுது, புடுங்கு" என்பார். பிடுங்கிப் பார்த்தால் கோணல்தான். சத்தத்தை வைத்தே சொல்கிறார். எத்தனை நாளாக இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துகிறேன், இது எனக்குத் தெரியாதே!

முகம் வைக்க ஓட்டை, அதைச் சுற்றிப் பழைய பெட்ஷீட் சுற்றிய மெத்தை. முடிக்கும்போது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு அம்மா, பெயர் பத்மஜா. இந்தத் தெரு சங்கத்துக்குச் செயலாளராம். எழுபது வயது இருக்கும், காலில் ஓடுகிற ஷூ.

"காலைல இருந்து ஒரே சுத்தியல் சத்தம். இங்க அதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கணும்மா. வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?"

"ஆளெல்லாம் இல்லீங்க, நாந்தானுங்க அடிச்சேன்" என்று சுத்தியோடு நின்றேன். அந்த அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இவர் புதுப் பெஞ்சில் முகத்தை ஓட்டைக்குள் வைத்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று தரையிடம் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை, விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

ஜனவரி 10, புதன்

பத்மஜாம்மா மசாஜ் பண்ணுகிற மேஜை ஒன்றை ஆள் வைத்துத் தூக்கி அனுப்பினார், முகத்துக்கு ஓட்டை வைத்தது. இவர் ஐந்து நிமிஷம் படுத்துப் பார்த்து, "ஆடுது" என்று என் பெஞ்சுக்கே வந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஜனவரி 13, சனி

ஆஸ்பத்திரி. கண்ணின் உள்பக்கத்தைப் படமெடுத்து டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். செக்கச் சிவந்த உருண்டை, அதில் வேர் ஓடுகிற மாதிரி ரத்தக் குழாய்கள். என் கல்யாணத்தில் என்னைப் பார்த்தது, பிள்ளை பிறந்தபோது பார்த்தது எல்லாம் இதன் வழியாகத்தானே என்று தோன்றியது. கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரைக் கும்பிட்டால் சிரிப்பார்கள் என்று கையை இறக்கிக்கொண்டேன்.

திரை ஒட்டியிருக்கிறதாம். கேட்டதும் உயிர் வந்தது. உடனே டாக்டரம்மா சொன்னார்: "ஒட்டிடுச்சும்மா. ஆனா நடுப்பகுதி எவ்வளவு பாக்கும்னு இப்பச் சொல்ல முடியாது. எத்தனை நாள் கழண்டு நின்னுதோ அதைப் பொறுத்தது. நீங்க சொன்ன மாதிரி மூணு நாள்னா நல்லா வர வாய்ப்பிருக்கு."

தலையாட்டினேன். வரும் வழியில் காரில் ஏசி அதிகமாக வைத்திருந்தார்கள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கொத்துமல்லித் தழை வாங்க இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது, மஞ்சள் கொத்துக்கு எங்கே போவேன்? பத்மஜாம்மா போனில் ஏதோ அமுக்கினார், பத்து நிமிஷத்தில் மஞ்சள் கொத்தும் கரும்பும் வாசலுக்கே வந்தன. இதுவும் ஒரு அதிசயம்.

பின்பக்கம் கடலைப் பார்த்து அடுப்பு வைத்தேன். பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று நாமக்கல் குரலில் கத்திவிட்டேன். தெருவே திடுக்கிட்டிருக்கும். பக்கத்துக் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள், முறைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்களும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள், கூச்சத்தோடு, மெதுவாக.

சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வந்ததை அப்படியே இவருக்குச் சொன்னேன். முதலில் ஒரு விளிம்பு, பிறகு பாதி, பிறகு கீழ்ப்பக்கம் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்று இழுத்து, பொசுக்கென்று விட்டுவிட்டது என்று. அவர் குனிந்தபடியே கேட்டுக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

ஜனவரி 17, புதன்

ஊரிலிருந்து வரும்போது பழக்கத்தில் எண்ணெய் பாட்டிலையும் பையில் வைத்துவிட்டிருந்தேன். இன்று கண்ணில் பட்டது. புதனும் சனியும் ஆம்பளைக்கு எண்ணெய்க் குளியல், கல்யாணமான நாளிலிருந்து நான் தவறவிட்டதில்லை. போன மாசம் இருபத்தாறாம் தேதி செவ்வாய்க்கிழமை, "மயிலு, கண்ணுல பூச்சி பூச்சியாப் பறக்குது, ஓரத்துல மின்னலடிக்குது" என்றார். உடம்புச் சூடு என்றேன். மறுநாள் புதன் எண்ணெய் வைத்தேன். நிழல் விழுகிறது என்றார், சனிக்கிழமையும் வைத்தேன். அடுத்த புதனும் வைத்தேன். வியாழக்கிழமை பாதிக் கண் மூடிவிட்டது.

எண்ணெயைத் தோட்டத்தில் கொட்டினேன். எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஜனவரி 18, வியாழன்

எண்ணினேன். ஒன்பது.

இன்று கடலைப் பார்க்க வெளியே போகவில்லை. அவர் கேட்டதும் சமையல் கட்டிலிருந்தே, "நேத்து மாதிரியேதானுங்க, கேபின் நீலம்" என்றேன்.

"பொய்யி."

"என்னங்க?"

"நேத்தைக்கு அல மெதுவா வந்துச்சு. இன்னைக்குப் பலகையத் தூக்கிப் போடற மாதிரி விழுவுது. கடலு கலங்கியிருக்கோணும். நீ பாக்கவே இல்ல. பொய் சொல்லும்போது மொதல்ல ஒருக்கா இருமுவ, இப்பவும் இருமுன."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கடல் செம்மண் கரைத்த மாதிரி புரண்டுகொண்டிருந்தது. டாக்டரம்மாவிடம் பேசும்போது இருமினேனா? ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

நேற்றோடு குனிகிற கணக்கு முடிந்தது. இன்று காலையில் தலையை நிமிர்த்தச் சொன்னேன். நிமிர்த்தினார்.

"ஏனுங்க, என்ன தெரியுது?"

"குறுக்கால ஒரு கோடு இருக்குது மயிலு. கோட்டுக்குக் கீழ எல்லாம் கலங்கல். கோட்டுக்கு மேல..." குரல் உடைந்துவிட்டது. "மேல ஃபேனு தெரியுது. றெக்கை மூணும் தெரியுது."

தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் கோடு ஆடுகிறதாம், நிறுத்தினால் அதுவும் நிற்கிறதாம். உள்ளே இருக்கிற காற்று கரையக் கரையக் கோடு கீழே இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது இதுதான் போலிருக்கிறது. கண்ணுக்குள்ளே ஒரு தண்ணீர்மட்டமா! நான் அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் கண்ணையே பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்.

கடலைக் காட்டக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றுவிட்டார். "பாதி பெயிண்டுல எவனாச்சும் வண்டியப் பாப்பானா? முழுசாத் தெரியட்டும், அப்பறம் பாக்கறேன்." நாற்காலியைத் திருப்பிக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். இந்தப் பிடிவாதத்தை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்ள?

ஜனவரி 24, புதன்

பத்மஜாம்மா மாதுளம்பழம் கொண்டுவந்தார். இவர் நடமாடுவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"எங்க அப்பாவுக்கும் இதேதான் வந்தது. மின்னல் அடிக்குதுன்னு காலைல சொன்னார், மத்தியானம் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தோம். ஒரு நாள் விட்டிருந்தாலும் போயிருக்கும்னாங்க. நீங்களும் சீக்கிரம் வந்ததாலதான் பொழச்சார்."

"ஆமாங்க" என்றேன். இருமல் வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 25, வியாழன்

சோறு இறங்கவில்லை. வெள்ளை மூடி ஆறு தடவை. ஆச்சு.

ஜனவரி 30, செவ்வாய்

கோடு இறங்கி இறங்கி இப்போது கீழே ஒரு குமிழியாகிவிட்டதாம். குனிந்தால் நடுவில் வந்து நிற்கிறது, நிமிர்ந்தால் ஒளிந்துகொள்கிறது என்று அதோடு விளையாடிக்கொண்டிருக்கிறார். நான் கட்டியிருந்த சேலையைப் பார்த்து, "இது எப்ப எடுத்தது?" என்றார். ஆறு வருஷமாகக் கட்டுகிறேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது, ஆளுடைய கவனம்தான் பழையபடி!

ஆனால் செய்தித்தாளைக் கையில் எடுத்து, கிட்டே கொண்டுவந்து, தள்ளிப் பிடித்து, மடித்து வைத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

குமிழி நேற்றே கரைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையில் மேலே நாலு வரி படித்தார். ஐந்தாவதில் தடுமாறினார். பிறகு கட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் காட்டினார்கள். எல்லாம் நேர்க்கோடு. "நடுவால கோடெல்லாம் வளையுதுங்களே" என்றார். டாக்டரம்மா குறித்துக்கொண்டார். பார்வை வந்துவிட்டது, நடக்கலாம், ஆளைப் பார்க்கலாம், படிக்கலாம். அந்த வளைவு மட்டும் மாசக்கணக்கில் குறையலாம், அப்படியே நின்றுவிடவும் செய்யலாம் என்றார்.

இவரைப் படமெடுக்கக் கூட்டிப்போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "டாக்டரம்மா, நான் பொய் சொல்லீட்டனுங்க. மூணு நாள் இல்லீங்க, ஒம்பது நாளு. சூடுன்னு எண்ணெ தேச்சு விட்டனுங்க, மூணு தடவ. இந்தக் கோணல் என்னாலதானுங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்பது நாளா? அவர் ஒரு மாசம்னு சொன்னாரே."

"யாருங்க?"

"உங்க வீட்டுக்காரர்தான். சேர்ந்த அன்னைக்கே சொன்னார், நீங்க வெளியில போயிருந்தீங்க. டிசம்பர் ஆரம்பத்துலயே மின்னல் தெரிஞ்சதாம். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதான் அன்னைக்கு நீங்க சொன்ன மூணு நாளையே வெச்சுப் பேசினேன். நீங்களா வந்து சொன்னதாலதான் சொல்றேன். எண்ணெயால எதுவும் ஆகலைம்மா. தாமதத்தாலதான் ஆச்சு. அதுல உங்களோடது எவ்வளவு, அவரோடது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

நான் மூன்று வாரமாகச் சோறு தின்னாமல் உருகிக்கொண்டிருக்கிறேன். இந்த மனுஷன் எனக்கும் முன்னாலேயே மூன்று வாரம் அமுக்கமாக இருந்திருக்கிறார்!

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "ஒரு மாசமா மின்னலடிச்சுது, எங்கிட்டச் சொல்ல வாய் இல்லீங்களா உங்களுக்கு?"

திடுக்கிட்டார். பிறகு கம்மிய குரலில், "தை பொறக்கறதுக்குள்ள ஆறு வண்டி முடிக்கோணும்னு இருந்துச்சு. சொன்னா நீ பட்டறையப் பூட்டியிருப்ப."

"பூட்டித்தான் இருப்பேன்! சாவியக் கெணத்துல போட்டிருப்பேன்!"

"அதான் சொல்லல."

"நான் மூணு நாளுன்னு பொய் சொன்னது தெரியுமில்ல? இருமுனது கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் கம்முனு இருந்தீங்க?"

"நான் மட்டும் என்ன யோக்கியம் புள்ள? உன்னைய எந்த மூஞ்சிய வெச்சுக் கேக்கறது?"

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். நான் வாய்விட்டு அழுதேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெ தேச்சது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. வீடு வரும் வரை கையை விடவில்லை.

பிப்ரவரி 3, சனி

மத்தியானம் ஊருக்குக் கிளம்புகிறோம். காலையில் அவராகவே, "வா, பாக்கலாம்" என்றார்.

கையைப் பிடித்து மணலில் இறக்கினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் கடலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வாய் மெல்லத் திறந்தது. இடமிருந்து வலம் வரை தலையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். "யப்பா" என்றார். ஒரு அலை வந்து கணுக்காலை நனைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி பின்னால் துள்ளினார். "நீ சொன்னதுல பாதிகூட இல்ல மயிலு, அதுக்கு மேல இருக்குது" என்றார். என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கு மயிர் சிலிர்த்தது. இருபத்தேழு நாளாகப் பார்க்கிறேன், இன்றுதான் முதல் நாள் மாதிரி இருந்தது.

வெகுநேரம் நின்றோம். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"மயிலு, தூரத்துல கடலு முடியற எடத்துல ஒரு பள்ளம் தெரியுதே. அங்க மட்டும் தண்ணி எறங்கியிருக்குதா?"

பார்த்தேன். பள்ளம் ஏது? இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நேராகக் கிடந்தது. ஆமாங்க, அந்தப் பக்கம் அலை அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். நிம்மதியாக ஊருக்கு வருவார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லீங்க. கடலு நேராத்தான் இருக்குது."

"அப்பக் கண்ணுதானா?"

"கண்ணுதானுங்க."

அவர் மூச்சு பெரிதாக ஏறி இறங்கியது. நானும் கையை விடாமல் நின்றேன். அப்புறம் என்னை இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தி, தாடையை என் தோளில் வைத்துக்கொண்டார்.

"எங்கிருந்து எங்க வரைக்கும் நேரா இருக்குது, வெரல்ல போட்டுக் காட்டு."

கையை நீட்டி, இடது கோடியில் ஒரு படகு நின்ற இடத்திலிருந்து மெதுவாக விரலை நகர்த்தினேன். அவர் கண்ணும் கூடவே வந்தது. நடுவில் ஒரு இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கயுமா?"

"இங்கயுந்தானுங்க."

"செரி, போ."

வலது கோடி வரை கொண்டுபோய் நிறுத்தினேன். தோளில் ஈரம் பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன்.